வராமல் போன அழைப்பு

மணப்பாறையில் எனக்குப் பழக்கமான ஒரு முறுக்குக் கடை உண்டு. முன்னால் கடை, பின்கட்டில் அடுப்பு. இரண்டுக்கும் நடுவே தாழ்வாரத்தில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மாவு பிழிந்துகொண்டிருப்பார்கள். பாதி வேக்காட்டில் எடுத்து ஆறவைத்து, மறுபடியும் எண்ணெயில் போட்டு எடுக்கும் வாசனை தெருமுனை வரைக்கும் வரும். 2023இல் இந்த ஊர் முறுக்குக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கல்லாவுக்குப் பக்கத்தில், எண்ணெய்ப் பிசுக்கு ஏறி எண்கள் பாதி அழிந்துபோன ஒரு தொலைபேசி இருக்கிறது. 04332 என்று தொடங்கும் அதன் எண் கடையின் பெயர்ப்பலகையிலும், பில் புத்தகத்திலும், ஆயிரக்கணக்கில் அடித்து அடுக்கிவைத்திருக்கும் கவர்களிலும் இருக்கிறது.

போன வருஷம் ஒருநாள் கடைக்கார அக்கா கேட்டார்: "தம்பி, இந்த லேண்ட்லைனைச் சரண்டர் பண்ணிட்டு நெட்டு ஃபோனுக்கு மாறிடலாம்னு பையன் ஒத்தக்கால்ல நிக்கிறான். நீதான் இதெல்லாம் படிச்சிருக்கியே. மாறலாமா, வேணாமா?"

"எதுக்குக்கா மாறணும்கிறான்?"

"செலவு கம்மியாம். ஒரே நேரத்துல நாலு பேர் பேசலாமாம். எனக்கு அதெல்லாம் தெரியாது. தீபாவளி நேரத்துல ஃபோன் அடிக்கலைன்னா என் பொழப்பு போச்சு. அது ஒண்ணுதான் எனக்குத் தெரியும்."

எனக்குத் தெரிந்த எந்தப் பொறியாளரும் இவ்வளவு சரியாகக் கேள்வியைப் போட்டதில்லை. தொலைபேசி விற்பவர்கள் வந்த அழைப்பைக் கணக்குக் காட்டுவார்கள். சிறு வியாபாரி கவலைப்படுவதோ வராமல் போன அழைப்பைப் பற்றி. அது பில்லில் ஏறாது, எந்தக் கணக்கிலும் தெரியாது. அடுத்த கடைக்குப் போய்விடும், அவ்வளவுதான்.

தொலைபேசியின் வரலாற்றில் ஒரு பெரிய திருப்பம் இந்தக் கவலையிலிருந்துதான் பிறந்தது. அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டியில் ஆல்மன் ஸ்ட்ரோஜர் என்பவர் ஈமச்சடங்குக்கு வேண்டியதைச் செய்துகொடுக்கும் தொழில் நடத்திவந்தார். அந்தக் காலத்தில் யார் யாரைக் கூப்பிட்டாலும் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஆபரேட்டர்தான் கையால் இணைப்புக் கொடுக்க வேண்டும். தனக்கு வரவேண்டிய அழைப்புகளைப் போட்டிக்கடைக்காரருக்குத் திருப்பிவிடுகிறார்கள் என்று ஸ்ட்ரோஜர் உறுதியாக நம்பினார். போட்டிக்காரரின் மனைவியே ஆபரேட்டராக இருந்தார் என்றுகூட ஒரு கதை உண்டு. புகார் சொல்லிச் சலித்துப்போனவர், ஆபரேட்டரே இல்லாமல் தானாக இணைக்கும் எந்திரத்தை வடிவமைத்து 1891இல் காப்புரிமை வாங்கினார். அடுத்த ஆண்டே இண்டியானா மாநிலத்தின் லா போர்ட் ஊரில் அது இயங்கத் தொடங்கியது. பின்னாளில் உலகம் முழுக்க, நம் நாட்டிலும்கூட, 'கடகட' என்று படியேறும் ஒலியோடு ஓடிய ஸ்ட்ரோஜர் எக்ஸ்சேஞ்சுகளின் வேர் ஒரு சிறு கடைக்காரரின் பதைப்பு.

அந்தப் பதைப்பை மனதில் வைத்துக்கொண்டுதான் இரண்டு வகை ஃபோனையும் பார்க்க வேண்டும். முதலில் பழையது.

அக்கா கடைச் சுவரில் தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய வெள்ளை டப்பா ஒன்று இருக்கிறது. ரொசெட் என்பார்கள். அதிலிருந்து கறுப்பு டிராப் வயர் ஜன்னல் வழியாக வெளியேறிக் கம்பத்தில் உள்ள டிபி பெட்டிக்குப் போகிறது. அங்கிருந்து மண்ணுக்குள் புதைத்த கேபிள், தெருவோரப் பில்லர், அதையும் தாண்டி எக்ஸ்சேஞ்ச். கேபிளை வெட்டிப் பார்த்தால் உள்ளே ஈரம் புகாமலிருக்கப் பசை நிரப்பியிருக்கும். அந்தப் பசைக்குள் ஜோடி ஜோடியாக முறுக்கிய செம்புக் கம்பிகள். வெள்ளை, சிவப்பு, கறுப்பு, மஞ்சள், ஊதா என்று ஐந்து நிறம் ஒரு பக்கம். நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு, சாம்பல் என்று ஐந்து நிறம் மறுபக்கம். ஐயைந்து இருபத்தைந்து ஜோடி. நூற்றுக்கணக்கான கம்பிகள் கிடக்கும் குழிக்குள் டார்ச் வெளிச்சத்தில் உட்கார்ந்து, இந்த நிறக்கணக்கை வைத்தே நம் வீட்டு ஜோடியைப் பிரித்தெடுத்த லைன்மேன்களின் கைவேலையை நான் சிறுவயதில் மணிக்கணக்கில் வேடிக்கை பார்த்திருக்கிறேன். ஒரு ஊரின் பேச்சு முழுவதும் அவர்கள் விரல் நுனியில் இருந்தது.

அந்த ஒரு ஜோடிக் கம்பி, கடையிலிருந்து எக்ஸ்சேஞ்ச் வரை அக்காவுக்கு மட்டுமே சொந்தம். அந்த இரண்டு கம்பிகளுக்கும் இடையே இரவும் பகலும் 48 வோல்ட் மின்னழுத்தம் நிற்கிறது. ரிசீவர் தொட்டிலில் இருக்கும்வரை சுற்று திறந்தே கிடப்பதால் மின்சாரம் ஓடாது. தூக்கினால் சுற்று மூடிக்கொள்ளும், சில பத்து மில்லியாம்பியர் ஓடத் தொடங்கும். அதைக் கண்டதும் எக்ஸ்சேஞ்ச் 'யாரோ எடுத்துவிட்டார்கள்' என்று புரிந்துகொண்டு டயல் டோன் கொடுக்கிறது. வெளியிலிருந்து அழைப்பு வந்தால் அதே கம்பியில் சுமார் 75 வோல்ட் மாறுமின்சாரம் நொடிக்கு 25 சுழற்சியாக வரும். மணி அடிப்பது அதனால்தான். மணி அடிக்கிற நேரத்தில் வெறும் கம்பியைத் தொட்டவர்களுக்கு அந்த 75 வோல்ட் என்னவென்று நன்றாகத் தெரியும்.

இந்த 48 வோல்ட்டின் நேர்முனையைப் பூமியோடு சேர்த்துவிட்டு, கம்பிக்கு எதிர்மின்னழுத்தம் கொடுத்திருக்கிறார்கள். ஈரம் பட்ட செம்பு நேர்மின்னழுத்தத்தில் இருந்தால் அரித்துக் கரைந்துபோகும், எதிர்மின்னழுத்தத்தில் இருந்தால் தாக்குப்பிடிக்கும். பல வருஷம் மண்ணுக்குள் கிடக்கப்போகும் கம்பியை நினைத்துச் செய்த ஏற்பாடு இது. இதைவிட முக்கியமான விஷயம், அந்த மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பது. எக்ஸ்சேஞ்சில் ஓர் அறை முழுக்க இரண்டு இரண்டு வோல்ட்டாக 24 பேட்டரி செல்களைத் தொடராக அடுக்கியிருப்பார்கள். கூடவே டீசல் ஜெனரேட்டர். அதனால் கடையில் கரண்ட் போனாலும் ஃபோனுக்கு ஒன்றும் ஆகாது. ஊரே இருண்டு கிடக்கும்போது அந்தச் சின்னக் கருவிக்கு மட்டும் உயிர் இருக்கும். அதன் சோறு வேறு வீட்டிலிருந்து வருகிறது.

இப்போது குரலுக்கு வருவோம். நம் குரலில் நொடிக்கு நூறு அதிர்வு முதல் பல ஆயிரம் அதிர்வு வரைக்கும் கலந்திருக்கும். பழைய தொலைபேசி அதில் 300 ஹெர்ட்ஸிலிருந்து 3400 ஹெர்ட்ஸ் வரை மட்டுமே எடுத்துக்கொண்டு மற்றதை வெட்டிவிடும். பேச்சு புரிய இது போதும். ஆனால் காற்றைச் சீறவிட்டுப் பிறக்கும் ஒலிகளின் உயிர் பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கிறது. ஃபோனில் ஆர்டர் எழுதும்போது "இனிஷியல் எஸ்ஸா, எஃப்பா?" என்று நாம் இரண்டு முறை கேட்பது காது மந்தத்தால் அல்ல. அந்த இரண்டு எழுத்தையும் பிரித்துக்காட்டும் ஒலி எக்ஸ்சேஞ்சைத் தாண்டி வருவதே இல்லை.

இந்தக் குரலைப் பிறகு எண்ணாக மாற்றத் தொடங்கினார்கள். நொடிக்கு 8000 முறை அலையின் உயரத்தை அளந்து, ஒவ்வோர் அளவையும் எட்டு பிட்டில் எழுதினால் நொடிக்கு 64,000 பிட். உச்ச அதிர்வைப்போல இரண்டு மடங்குக்கு மேல் அளந்துவிட்டால் மறுமுனையில் அலையைச் சேதமில்லாமல் திரும்ப வரைந்துவிடலாம் என்பது கணிதம் கொடுத்த உறுதி. இந்த வழியை 1930களின் இறுதியிலேயே அலெக் ரீவ்ஸ் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் கண்டுபிடித்துவிட்டார். அதை மலிவாகச் செய்யும் மின்னணுப் பொருட்கள் வருவதற்குத்தான் காலம் பிடித்தது.

நம் சிற்றூர்களுக்கு அது வந்த விதம் பெருமையோடு சொல்ல வேண்டிய கதை. 1984இல் தொடங்கப்பட்ட சி-டாட் நிறுவனம், சாம் பிட்ரோடாவின் முனைப்பில், 128 இணைப்பு கொண்ட சின்ன எண்ணியல் எக்ஸ்சேஞ்சை உருவாக்கியது. குளிர்சாதன அறை வேண்டாம், நம் வெயிலையும் புழுதியையும் அது தாங்கும். 1986இல் கர்நாடகத்தின் கிட்டூரில் முதலில் வைத்தார்கள். அந்த வகை எக்ஸ்சேஞ்சுகள் பரவிய பிறகுதான் ஊருக்கு ஊர் மஞ்சள் நிறத்தில் எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி., பி.சி.ஓ. பலகைகள் முளைத்தன. இரவில் கட்டணம் குறையும் நேரம் பார்த்துக் கண்ணாடிக் கூண்டுக்கு வெளியே வரிசையில் நின்றவர்களுக்கு இது நினைவிருக்கும்.

அப்போதும் கம்பியில் இருந்தது பழைய ஃபோன்தான், எக்ஸ்சேஞ்சுக்கு உள்ளே போனதும் குரல் எண்ணாகிவிட்டது. ஆனாலும் இரண்டு ஊருக்கு நடுவே பேசி முடிக்கிற வரைக்கும் ஒரு பாதையை முழுசாக ஒதுக்கிவைக்கும் வழக்கம் மட்டும் மாறவில்லை. மதுரைக்கு நாலு பெட்டி முறுக்கு அனுப்ப ஒரு லாரியையே வாடகைக்கு எடுப்பதுபோல. பெட்டி ஏறினாலும் ஏறாவிட்டாலும் வாடகை உண்டு. நாம் பேசாமல் யோசிக்கிற நொடிகளிலும் பாதை நமக்காகக் காத்துக்கிடக்கும்.

நெட் ஃபோன் லாரி பிடிப்பதில்லை. போகிற வருகிற பஸ்ஸிலெல்லாம் ஒரு பெட்டி போட்டு அனுப்புகிறது. குரலை 20 மில்லிநொடித் துண்டுகளாக வெட்டுகிறது. ஒரு துண்டு 160 பைட். அதன் மேல் விலாசமும் வரிசை எண்ணும் எழுதிய 40 பைட் உறை. நொடிக்கு இப்படி 50 பெட்டி, ஒவ்வொரு திசையிலும் சுமார் 80 கிலோபிட். இன்று கடைகளுக்குக் கிடைக்கும் ஃபைபர் இணைப்பில் இதெல்லாம் கடலில் கரைத்த பெருங்காயம். நாலு பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் அரை மெகாபிட்டைத் தொடாது. ஆகவே 'ஸ்பீடு' அதிகமான திட்டம் வாங்கினால் குரல் தெளிவாகும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டியதில்லை.

தொல்லை வேறு இடத்தில் இருக்கிறது. பஸ்ஸில் போட்ட பெட்டிகள் ஒரே சீராகப் போய்ச் சேராது. ஒன்று முந்தும், ஒன்று பிந்தும், ஒன்று வழியிலேயே தொலையும். மறுமுனைக் கருவி வந்த பெட்டிகளை ஒரு கணம் நிறுத்திவைத்து வரிசைப்படுத்தித்தான் காதுக்கு அனுப்ப வேண்டும். அதிக நேரம் நிறுத்தினால் பேச்சு பிந்தும். ஒரு பக்கத்துக்கு 150 மில்லிநொடிக்குள் இருந்தால் நமக்குத் தாமதம் உறைக்காது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் வழிகாட்டு அளவு. மணப்பாறையிலிருந்து சென்னைக்கு ஏறக்குறைய 350 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு இரண்டு லட்சம் கிலோமீட்டர் போவதால் அந்தத் தூரத்துக்கு ஆகும் நேரம் இரண்டு மில்லிநொடிகூட இல்லை. சிங்கப்பூர் என்றாலும் இருபதுக்குள்தான். ஆனால் கடைக்குள்ளேயே நெரிசல் இருந்தால் தூரம் குறைந்து என்ன பயன்? அக்காவின் மகன் தீபாவளி விளம்பர வீடியோவை ஏற்றிக்கொண்டிருக்கிறான், கண்காணிப்பு கேமரா தன் படத்தை வெளியே அனுப்பிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். குரல் பெட்டிகள் அந்த மூட்டைகளுக்குப் பின்னால் ரூட்டரின் வாசலில் நிற்கும். வாடிக்கையாளர் காதில் சொற்கள் அறுந்து அறுந்து விழும். ரூட்டர் அமைப்பில் குரலுக்கு முதல் வரிசை கொடுத்துவிட்டால் இது தீரும். பத்து நிமிட வேலை. நான் பார்த்த கடைகளில் பெரும்பாலும் அதைச் செய்யாமலே 'நெட் ஃபோன் சரியில்லை' என்று திட்டிக்கொண்டிருந்தார்கள்.

நம் நாட்டில் இணையவழிப் பேச்சுக்கு 2002 ஏப்ரல் 1 முதல் அளவோடு அனுமதி கிடைத்தது. இணைய இணைப்பிலிருந்து உள்நாட்டுத் தொலைபேசி எண்களை அழைக்கும் சேவையை உரிமம் பெற்ற நிறுவனங்கள் தருவதற்கு 2018இல்தான் வழி தெளிவானது. அதற்குள் 2016 செப்டம்பரில் வந்த ஜியோ, பழைய வகைப் பாதை ஒதுக்கீடே இல்லாமல் எல்லாக் குரலையும் பெட்டி பெட்டியாகவே அனுப்பத் தொடங்கிவிட்டது. நெட் ஃபோன் வேண்டாம் என்று அக்கா தயங்கிக்கொண்டிருந்த நாளிலேயே அவர் இடுப்பில் செருகியிருந்த செல்ஃபோனில் நெட் ஃபோன்தான் ஓடிக்கொண்டிருந்தது. இன்று லேண்ட்லைனை ஃபைபராக மாற்றித் தருகிறோம் என்று வருகிறார்களே, அவர்கள் சுவரில் மாட்டும் ஓஎன்டி பெட்டியின் பின்னால் ஃபோன் என்று எழுதிய ஒரு சின்னத் துளை இருக்கும். பழைய கருவியை அதில் சொருகினால் அதே டயல் டோன், அதே மணி. அவற்றை எக்ஸ்சேஞ்ச் அனுப்பவில்லை. அந்தப் பெட்டியே போலிசெய்து காட்டுகிறது. குரல் கடைச் சுவரிலேயே எண்ணாகிப் பெட்டிகளில் ஏறிவிடுகிறது.

இரண்டு வகை ஃபோன் என்று நாம் பேசுவது உண்மையில் ஓர் இடமாற்றத்தின் கதை. குரல் எண்ணாக மாறும் இடம் ஒரு காலத்தில் நகரத்து எக்ஸ்சேஞ்சில் இருந்தது. சி-டாட் காலத்தில் நம் ஊருக்கு வந்தது. ஃபைபர் வந்ததும் கடைச் சுவருக்கு வந்தது. செல்ஃபோனில் கைக்கே வந்துவிட்டது. அந்த இடம் எங்கே நகர்கிறதோ அங்கே மின்சாரம் தரும் பொறுப்பும் கூடவே நகர்கிறது. இதைத்தான் விற்க வருபவர்கள் சொல்லாமல் விடுகிறார்கள்.

கரண்ட் விஷயத்துக்குப் பிறகு வருகிறேன். அக்கா மகன் சொன்ன 'நாலு பேர் பேசலாம்' என்பதில் எவ்வளவு உண்மை என்று முதலில் பார்த்துவிடுவோம். எனக்கு இந்தப் பகுதிமீது தனிப் பிரியம்.

கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலைபார்த்த ஆக்னர் கிராருப் எர்லாங் என்ற டென்மார்க் கணிதர் இதே கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டார். அழைப்புகள் யாரும் சொல்லிவைக்காமல் தாறுமாறாக வருகின்றன. எத்தனை லைன் இருந்தால் எத்தனை பேர் எங்கேஜ்டு ஒலி கேட்டுத் திரும்பிப்போவார்கள்? 1917இல் அவர் வெளியிட்ட சூத்திரம் இன்றும் உலகம் முழுக்கப் பயன்படுகிறது. தொலைபேசிச் சுமையின் அலகுக்கே அவர் பெயர்தான். ஒரு மணி நேரத்தில் வரும் மொத்தப் பேச்சு ஒரு மணி நேரம் என்றால் அது ஓர் எர்லாங்.

தீபாவளிக்கு முந்தைய வாரம் கடைக்கு மணிக்கு 20 அழைப்பு, ஒவ்வொன்றும் மூன்று நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 60 நிமிடம். ஓர் எர்லாங். மேலோட்டமாகப் பார்த்தால் ஒரு லைனே போதும் போலத் தோன்றும். 60 நிமிட வேலைக்கு 60 நிமிடம் இருக்கிறதே! அழைப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் வந்தால் போதும்தான். அப்படி யார் வருகிறார்கள்? எர்லாங்கின் கணக்குப்படி ஒரே லைன் இருந்தால் இரண்டில் ஓர் அழைப்பு திரும்பிப்போகும். பாதிக்குப் பாதி. இரண்டு லைன் இருந்தால் ஐந்தில் ஒன்று. மூன்று இருந்தால் பதினாறில் ஒன்று. நான்கு இருந்தால் 65இல் ஒன்று. மணிக்குப் பத்துப் பேரை இழந்த கடை, நான்கு லைனில் மூன்று மணி நேரத்துக்கு ஒருவரை மட்டுமே இழக்கிறது. திரும்பிப்போனவர்கள் விடாமல் மறுபடி மறுபடி போடுவதால் நடைமுறையில் நெரிசல் இன்னும் கூடத்தான் இருக்கும்.

சாதாரண நாளில் மணிக்கு நாலே அழைப்பு என்றாலும் ஒற்றை லைனில் ஆறில் ஒருவருக்கு எங்கேஜ்டு கேட்கும். இரண்டாவது லைன் சேர்த்தால் அது அறுபதில் ஒன்றாகிவிடும். முதல் லைனிலிருந்து இரண்டாவதுக்குப் போவதில் கிடைக்கும் லாபம் அவ்வளவு பெரியது. இதை அக்காவிடம் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதிக்காட்டினேன். கொஞ்ச நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தவர், "போன தீபாவளிக்கு எத்தனை பேர் போட்டுப் பாத்துட்டு விட்டாங்களோ" என்றார்.

செம்புக் கம்பியில் நான்கு லைன் என்றால் நான்கு ஜோடி, நான்கு மாதவாடகை, நான்கு லைனையும் ஒரே எண்ணுக்குச் சேர்க்கும் ஹன்டிங் ஏற்பாடு, கடைக்குள் அழைப்புகளைப் பிரித்துக்கொடுக்கும் இபிஏபிஎக்ஸ் பெட்டி. தீபாவளி மாதத்துக்காக வருஷம் முழுக்கச் செலவு. நெட்டில் ஒரே இழைக்குள் ஒரே எண்ணுக்கு இரண்டு, நான்கு, பத்து என்று பேச்சு வழிகள் போகலாம், வேண்டியபோது கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். கடையில் ஒன்று, பின்கட்டில் ஒன்று, கல்லூரியில் இருக்கும் மகனின் செல்லில் ஒன்று என மூன்று இடத்திலும் ஒரே எண் அடிக்கலாம். எடுத்துப் பேச ஆளும் வேண்டும் என்பதை மறந்துவிடக் கூடாது. கை முழுக்க மாவோடு நாலு பேர் உட்கார்ந்திருந்தால் நாலு வழி இருந்து என்ன செய்ய?

முன்பு பெரிய கம்பெனிகளுக்கே கட்டுப்படியான இந்த வசதி சின்னக் கடை வரைக்கும் இறங்கி வந்ததற்கும் ஒரு சிறு வியாபாரிதான் காரணம். 1999இல் அமெரிக்காவில் மார்க் ஸ்பென்சர் என்ற மாணவர் கையில் கொஞ்சம் பணத்தோடு கணினி உதவிச் சேவைத் தொழில் தொடங்கினார். தொலைபேசி அமைப்பு வாங்கக் காசு போதவில்லை. சாதாரணக் கணினியிலேயே ஓடும்படி தானே ஒன்றை எழுதி, ஆஸ்டெரிஸ்க் என்று பெயர் வைத்து, எல்லோரும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்துவிட்டார். இன்று விற்கும் நெட் இபிஏபிஎக்ஸ்களில் எத்தனையோ அதன்மீது கட்டியவை. இப்படி இணையத்தில் திறந்திருக்கும் பெட்டிக்குக் கடவுச்சொல் மாற்றாமல் விடக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இரவோடு இரவாக யாரோ எங்கிருந்தோ உள்ளே புகுந்து அயல்நாட்டு எண்களாகப் போட்டுத்தள்ளி, காலையில் பில் கடைக்காரர் தலையில் விழுந்த கதைகள் உண்டு.

இனி கரண்ட். மாதத்தில் ஒருநாள் துணை மின்நிலையத்தில் பராமரிப்புப் பணி என்று பேப்பரில் அறிவிப்பு வரும். காலை 9 மணிக்குப் போனால் மாலைதான் வரும். செம்புக் கம்பி ஃபோனுக்கு அது ஒரு நாளே அல்ல. ஓஎன்டி பெட்டிக்கு அன்று பேட்டரி இல்லாவிட்டால் 04332 எண்ணை அழைப்பவருக்கு மணி போகாது. இந்தக் கவலை நமக்கு மட்டும் இல்லை. பிரிட்டனில் பழைய தொலைபேசி வலைப்பின்னலை 2025 இறுதியில் மூடுவதாக இருந்தார்கள். தனியாக வாழும் முதியவர்கள் கழுத்தில் போட்டிருக்கும் அவசர அழைப்புப் பொத்தான்கள் அந்தக் கம்பியை நம்பி இருந்ததால் 2027 ஜனவரிக்குத் தள்ளிவைத்தார்கள்.

கணக்குப் போட்டால் பயப்பட ஒன்றுமில்லை. ரூட்டரும் சேர்ந்த ஓஎன்டி பெட்டி பத்துப் பன்னிரண்டு வாட் சாப்பிடும். 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணிச் சின்ன பேட்டரியில் 84 வாட்-மணி இருக்கிறது. இழப்புப் போக ஐந்தாறு மணி நேரம் தாங்கும். ஏற்கெனவே லைட்டுக்கும் ஃபேனுக்கும் இன்வெர்ட்டர் வைத்திருக்கும் கடை என்றால் ஓஎன்டி சொருகியிருக்கும் பிளக்கை இன்வெர்ட்டர் லைனுக்கு மாற்றினாலே போதும். இதைச் செய்யாமல் ஃபேன் சுழல்கிறது, ஃபோன் செத்துக்கிடக்கிறது என்றிருக்கும் கடைகளைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும்.

நம் பக்கம் மட்டும் கரண்ட் இருந்தால் போதாது, இழையின் எதிர்முனையில் உள்ள ஓஎல்டி என்ற பெட்டிக்கும் இருக்க வேண்டும். முறையாகப் போட்ட ஃபைபரில் எக்ஸ்சேஞ்சுக்கும் கடைக்கும் நடுவே கரண்ட் வேண்டிய பொருள் எதுவுமே கிடையாது. வழியில் இருக்கும் பிரிப்பான் வெறும் கண்ணாடி, ஒளியை 32 வீட்டுக்குப் பங்குபோடும், அவ்வளவுதான். ஆனால் சில இடங்களில் கம்பத்தில் மாட்டிய பெட்டிக்குப் பக்கத்து வீட்டு மீட்டரிலிருந்து கரண்ட் எடுத்திருப்பார்கள். அந்த வீட்டில் கரண்ட் போனால் நம் நெட்டும் போகும். இணைப்புக் கொடுக்க வருகிறவரிடம் "உங்க ஓஎல்டி எங்க இருக்கு? அங்க பேட்டரி எத்தனை மணி நேரம் நிக்கும்? நடுவுல கரண்ட்ல ஓடுற பெட்டி ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்டுவிட வேண்டும். கூச்சப்படாதீர்கள். பதில் சொல்லத் தெரிந்தவரிடம் வாங்குங்கள்.

செம்புக்கு ஆதரவாக இவ்வளவு சொன்ன பிறகு அதன் நோயையும் சொல்லத்தான் வேண்டும். கோடைமழைக்கு முன்னால் நம் பக்கத்தில் இடி இறங்கும்போது, தெருத்தெருவாய் ஓடும் செம்புக் கம்பி அந்த மின்னழுத்தத்தை வாங்கிக் கடைக்குள் கொண்டுவந்துவிடும். எத்தனையோ மோடம்கள் அப்படிக் கருகியிருக்கின்றன. கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. 2018 நவம்பரில் கஜா புயல் நாகப்பட்டினத்தில் தொடங்கிப் புதுக்கோட்டை வரை மின்கம்பங்களைச் சாய்த்துப் பல நாள் இருளில் வைத்தபோது கண்டது இன்னொரு பாடம். நெடுநாள் கரண்ட் இல்லை என்றால் எந்த பேட்டரியும் எதற்கும் துணைநிற்காது. செம்பைப் பழுதுபார்க்கும் கைகளும் குறைந்துகொண்டே போகின்றன. அந்த நிறக்கணக்கு தெரிந்த லைன்மேன்கள் ஓய்வுபெற்றுவிட்டார்கள். கம்பி இருக்கிறது, அதன் வைத்தியர் இல்லை. எனக்குப் பழைய ஃபோன்மீது எவ்வளவு பாசம் இருந்தாலும், புதிதாகத் தொடங்கும் ஒரு கடைக்குச் செம்பு லைன் வாங்கச் சொல்ல இன்று எனக்கு மனம் வராது.

மிச்சமிருப்பது எண். செல்ஃபோனில் நிறுவனம் மாறினாலும் எண்ணைக் கூடவே எடுத்துக்கொண்டு போகலாம். லேண்ட்லைனுக்கு நம் நாட்டில் அந்த வசதி வரவில்லை. நிறுவனத்தை மாற்றினால் எண்ணை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். சிங்கப்பூரில் இருக்கும் பேரன் வளைகாப்புக்கு முறுக்குச் சொல்ல, பாட்டி எழுதிவைத்த பழைய டைரியைப் பார்த்துத்தான் கூப்பிடுவான். அவனுக்கு 'இந்த எண் உபயோகத்தில் இல்லை' என்று கேட்டால் அதுவும் வராமல் போன அழைப்புதான். அதே நிறுவனத்துக்குள் செம்பிலிருந்து ஃபைபருக்கு மாறினால் பெரும்பாலும் எண்ணை வைத்துக்கொள்ளலாம். விண்ணப்பத்தில் அதை எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும், பழையதை முதலில் சரண்டர் செய்துவிடவே கூடாது. மாதத் தொகை கொஞ்சம் குறைவு என்பதற்காக வேறொரு நிறுவனத்துக்கு ஓட வேண்டாம் என்று அக்காவிடம் நான் சொன்னதற்குக் காரணம் அந்த அடுக்கிவைத்த கவர்கள்தான்.

கடைசியில் பழைய எண்ணோடு ஃபைபர், இரண்டு பேச்சு வழி, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நான்காகக் கூட்டிக்கொள்வது, இன்வெர்ட்டர் லைனில் ஓஎன்டி, அதுவும் விழுந்தால் மகனின் செல்லுக்குத் திரும்பிவிடும் ஏற்பாடு என்று முடிவானது. இணைப்பு வந்த அன்று நானும் போயிருந்தேன். டெக்னீஷியன் கையெழுத்துக் கேட்டார். "கொஞ்சம் இருங்க தம்பி" என்று சொல்லிவிட்டு, யாரும் எதிர்பார்க்காமல் அக்கா எழுந்துபோய் மெயின் ஸ்விட்சை இறக்கினார். டியூப்லைட் அணைந்தது. ஒரு கணம் கழித்து இன்வெர்ட்டர் முனகிக்கொண்டு எழுந்தது, ஃபேன் சுற்றியது. சுவரில் ஓஎன்டியின் பச்சை விளக்குகள் அசையாமல் எரிந்தன. நான் தெருவுக்கு வந்து என் செல்லிலிருந்து 04332 என்று தொடங்கி அந்த எண்ணைப் போட்டேன். உள்ளே அந்தப் பழைய கருவி, பிசுக்கேறிய அதே கருவி, கணீரென்று அடித்தது. அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு ரிசீவரை எடுத்தார். நான்தான் கூப்பிடுகிறேன் என்று தெரிந்தும் வழக்கம்போலவே சொன்னார்:

"முறுக்குக் கடைங்க. சொல்லுங்க, எத்தனை கிலோ?"